அசிசியில் மூன்று இரவு: இத்தாலியின் புனிதத் தலங்களுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

இத்தாலிக்கு முதல்முறை போகிற நம்மவர்கள் போடும் திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான்: ரோம், பிளாரன்ஸ், பைசா, வெனிஸ், மிலான், எல்லாம் ஏழு நாளில். ஊர் திரும்பியதும் நினைவில் நிற்பது ரயில் நிலையங்களும், கல் பதித்த தெருவில் பெட்டியை இழுத்த சத்தமும்தான். நானும் முதல் தடவை அப்படித்தான் ஓடிவிட்டு வந்தேன்.

இரண்டாம் தடவை அம்மா கூட வந்தார். எழுபது வயது, முழங்கால் வலி, செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியார் கோவிலுக்குப் போகிறவர். அம்மா போகிறார் என்றதும் பக்கத்து வீட்டு மாமியும் கிளம்பிவிட்டார். மாமி சுத்த சைவம். இவர்கள் இருவரையும் வைத்துக்கொண்டு ஏழு நாளில் ஐந்து ஊர் நடக்காது என்று திட்டத்தைச் சுருக்கினேன். ரோமில் மூன்று இரவு, புனித பிரான்சிஸ் பிறந்த மலை ஊரான அசிசியில் மூன்று இரவு, அவ்வளவுதான். அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

அசிசியில் எதற்கு மூன்று இரவு, ரோமிலிருந்து காலையில் போய் மாலையில் வந்துவிடலாமே என்று பலர் கேட்பார்கள். வரலாம்தான். ஆனால் அந்த ஊரின் அழகு மாலை ஐந்து மணிக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிப் போனதும் தெரு காலியாகிவிடும். பின்னால் நிற்கும் சுபாசியோ மலையிலிருந்து வெட்டிய வெளிர் ரோஜா நிறக் கல்லில்தான் வீடுகள், கோவில்கள் எல்லாம் கட்டியிருக்கிறார்கள். மேற்கு வெயில் பட்டால் ஊரே லேசாகச் சிவக்கும். பகலில் வந்து போகிறவருக்கு அது கிடைக்காது.

மாதமும் விசாவும்

ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் ரோமின் வெயில் சென்னைக்காரரையே வாட்டிவிடும். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி இத்தாலியர்களே விடுமுறையில் போய்விடுவதால் சின்னக் கடைகள் பல மூடியிருக்கும். ஈஸ்டர் வாரத்தில் ரோமிலும், அக்டோபர் 4-ஐ ஒட்டி அசிசியிலும் அறை கிடைப்பது கஷ்டம். அக்டோபர் 4 பிரான்சிஸ் அசிசியாரின் திருநாள். அவர் இறந்தது 1226-இல், அதனால் 2026 எண்ணூறாவது ஆண்டு. அந்த ஆண்டிலிருந்து அக்டோபர் 4-ஐ இத்தாலி மறுபடியும் தேசிய விடுமுறையாக அறிவித்திருக்கிறது. கூட்டம் பிடிக்கும் என்றால் போங்கள். முழங்கால் வலிக்காரரை அழைத்துக்கொண்டு அந்த வாரம் வேண்டாம்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தைக் கொடுக்க நேரம் ஒதுக்கி வாங்குவதுதான் பெரிய வேலை, அதனால் மூன்று மாதம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஷெங்கன் பகுதியைவிட்டுக் கிளம்பும் நாளிலிருந்து இன்னும் மூன்று மாதமாவது கடவுச்சீட்டு செல்ல வேண்டும். பல நாடுகளுக்குப் போவதாக இருந்தால் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். விசா வருவதற்கு முன் ரத்து செய்ய முடியாத அறையைப் பிடிக்காதீர்கள்.

ரோமில் எதைப் பார்ப்பது

ரோமைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பியுமிச்சீனோ விமான நிலையத்திலிருந்து நகர நடுவிலுள்ள தெர்மினி ரயில் நிலையத்துக்கு லியோனார்தோ எக்ஸ்பிரஸ் என்ற ரயில் நேராகப் போகிறது. 14 யூரோ, 32 நிமிடம். தெர்மினி பக்கத்திலேயே தங்கினால் அசிசி ரயிலுக்கும் வசதி. அந்தப் பகுதியில் பையைக் கொஞ்சம் பத்திரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வத்திக்கான் பக்கம் போகும் 64-ஆம் எண் பேருந்து பிக்பாக்கெட்டுக்குப் பேர்போனது. கையில் கயிறு கட்ட வருகிறவர், ரோஜாவை நீட்டுகிறவர், இவர்களைத் திரும்பிப் பார்க்காமல் நடங்கள்.

புனித பேதுரு பேராலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. பாதுகாப்புச் சோதனை வரிசைதான் நீளம். காலை ஏழு மணிக்கே போய்விட்டால் நிம்மதி, ஒன்பதுக்கு மேல் வெயிலில் நிற்க வேண்டும். குவிமாடத்தின் உச்சிக்குப் போக 551 படி. லிஃப்டுக்குப் பணம் கட்டினாலும் அதற்குமேல் 320 படி பாக்கி இருக்கும், லிஃப்ட் என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். புதன்கிழமை காலையில் போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு நடக்கும். அவரைப் பார்க்க வேண்டும் என்றால் புதன், பேராலயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் வேறு நாள். வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அன்று கூட்டத்தைத் தாங்க முடியாது.

பேதுரு பேராலயத்தைவிட அம்மாவுக்குப் பிடித்தது லாத்தரன் பேராலயத்துக்கு எதிரே இருக்கும் ஸ்காலா சாந்தா. பிலாத்துவின் மாளிகையில் இயேசு ஏறியதாக நம்பப்படும் 28 படிகள். முழங்காலில்தான் ஏற வேண்டும். அம்மாவால் முடியவில்லை. பக்கவாட்டில் சாதாரணப் படிக்கட்டு இருக்கிறது, அதில் ஏறி மேலே போய் ஜெபம் பண்ணினார். தெர்மினியிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் மரியா மஜோரே பேராலயத்தில்தான் 2025 ஏப்ரலில் மறைந்த போப் பிரான்சிஸின் கல்லறை இருக்கிறது. பெயர் மட்டும் பொறித்த வெறும் கல். வரிசை இருக்கும், ஆனால் நகர்ந்துகொண்டே இருக்கும்.

கோவிலுக்குள் நடந்துகொள்வது

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும். புடவை, சுடிதார் பிரச்சினை இல்லை. கையில்லாத சட்டை போடும் பிள்ளைகளுக்கு ஒரு துப்பட்டாவைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். செருப்பைக் கழற்றக் கூடாது! அம்மா முதல் கோவில் வாசலிலேயே பழக்கதோஷத்தில் செருப்பை ஓரமாகக் கழற்றிவைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போய்விட்டார். காவலாளி செருப்பையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு பீடம்வரை போக அம்மாவுக்கு மனசு வர இரண்டு நாளானது.

பூசை நடக்கும்போது சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். உட்கார்ந்து கலந்துகொள்ளலாம், எந்த மதத்தவரும் உட்காரலாம். நற்கருணை வாங்க மட்டும் கத்தோலிக்கர் அல்லாதவர்கள் எழுந்து போகக் கூடாது. மாமி அந்த நேரத்தில் கண்ணை மூடி ஏதோ சுலோகம் சொல்லிக்கொண்டிருந்தார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சில்லறைக் காசு நிறைய வைத்துக்கொள்ளுங்கள். பல கோவில்களில் பக்கப்பீடத்து ஓவியங்கள் இருட்டில் இருக்கும். பக்கத்தில் ஒரு பெட்டி, அதில் 50 சென்ட் அல்லது ஒரு யூரோ போட்டால் விளக்கு இரண்டு நிமிடம் எரியும். மெழுகுவர்த்திக்கும் உண்டியல் உண்டு. சின்னக் கோவில்கள் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு மூடி மூன்று மணிக்குத்தான் திறக்கும். நம் ஊர்க் கோவில் நடை சாத்துகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவில் ‘கியூசோ’ என்று இருந்தால் மூடியிருக்கிறது, ‘அபெர்த்தோ’ என்றால் திறந்திருக்கிறது.

அசிசிக்கு ரயில்

தெர்மினியிலிருந்து இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். சில ரயில்கள் நேராகப் போகும், சிலவற்றுக்கு ஃபொலிஞ்ஞோவில் இறங்கி மாற வேண்டும். புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. நிலையப் பலகையில் ரயில் கடைசியாகப் போய்ச் சேரும் ஊரின் பெயர்தான் இருக்கும். அசிசி என்று தேடினால் கிடைக்காது. பெருஜா, அன்கோனா என்று ஏதாவது இருக்கும். அதனால் பயணச்சீட்டில் உள்ள ரயில் எண்ணைப் பார்த்துத்தான் நடைமேடையைக் கண்டுபிடிக்க வேண்டும். நடைமேடைக்கு அவர்கள் சொல் ‘பினாரியோ’. ‘ரித்தார்தோ’ என்றால் தாமதம். ‘ஷோப்பெரோ’ என்ற சொல்லைக் கண்டால் அன்று வேலைநிறுத்தம். பயப்படாதீர்கள், தேதியை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், ஒரு நாள் முன் பின் மாற்றிக்கொள்ளலாம்.

உள்ளூர் ரயில்களுக்குக் கட்டணம் எப்போது வாங்கினாலும் ஒன்றுதான், முன்பதிவுக்கு அவசரப்பட வேண்டாம். அதிவேக ரயில்களுக்குத்தான் சீக்கிரம் வாங்கினால் மலிவு. உள்ளூர் ரயிலுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சிறு இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். கைப்பேசியில் வாங்கினால் அதிலேயே ‘செக்-இன்’ பொத்தானை அழுத்த வேண்டும். பணம் கட்டி வாங்கிய சீட்டுதானே என்று பரிசோதகரிடம் வாதாடிப் பயன் இல்லை, அபராதம் அபராதம்தான்.

அசிசி ரயில் நிலையம் மலையடிவாரத்தில் இருக்கிறது. ஊர் அங்கிருந்து நாலு கிலோமீட்டர் மேலே. வெளியே வந்ததும் சி எண் பேருந்து நிற்கும். சீட்டை நிலையத்துக்குள் இருக்கும் கடையிலேயே வாங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாட்களிலும் பேருந்து குறைவு, அதைக் கணக்கில் வையுங்கள். பெரிய பெட்டி வேண்டவே வேண்டாம். ஊர் முழுக்கச் சரிவும் படிக்கட்டும்தான். ஆளுக்கு ஒரு சிறு பெட்டி, அதற்குமேல் கொண்டு வந்தால் நீங்களே தூக்க வேண்டும்.

மடத்தில் தங்குவது

அசிசியில் ஓட்டல் நிறைய உண்டு. நான் சொல்வது கன்னியர் மடங்களும் துறவியர் இல்லங்களும் நடத்தும் விருந்தினர் விடுதிகள். ‘காசா பெர் ஃபேரியே’ என்று தேடினால் கிடைக்கும். எந்த மதத்தவரும் தங்கலாம். அறை எளிமையாக, கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கும். ஒற்றைக் கட்டில்கள், சுவரில் ஒரு சிலுவை, காலைச் சாப்பாடு. பல இடங்களில் தொலைக்காட்சி இருக்காது. இரவு பத்தரை, பதினொன்றுக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள், அதைப் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். லிஃப்ட் உண்டா என்பதையும் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டேன், இரண்டாம் மாடி. நகராட்சி வரி தனியாக, பல இடங்களில் ரொக்கமாக வாங்குவார்கள். எங்கே தங்கினாலும் எல்லோருடைய கடவுச்சீட்டையும் காட்ட வேண்டும்.

ஊரை மேலிருந்து கீழாகப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு யோசனையை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் கீழே பிரான்சிஸ் பேராலயத்தில் ஆரம்பித்து மூச்சிரைக்க மேலே ஏறுகிறார்கள். நீங்கள் பேருந்தில் கடைசிவரை, பியாட்ஸா மத்தேயொத்திவரை போய் இறங்கி, அங்கிருந்து இறக்கத்தில் நடந்து வாருங்கள். முழங்கால் தப்பிக்கும். பெரிய கோவில் கடைசியில் வரும், அதுவே சரி.

இறங்கியதும் முதலில் சான் ருஃபீனோ மறைமாவட்டக் கோவில். பிரான்சிசும், அவரைப் பின்பற்றித் துறவியான புனித கிளாராவும் திருமுழுக்குப் பெற்ற தொட்டி இங்கே இருக்கிறது. அடுத்து ஊரின் நடுச்சதுக்கம். அங்கே ஆறு தூண்களோடு நிற்பது மினெர்வா கோவில். இயேசு பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டில் ரோமானியர் கட்டியது, இப்போது மாதா கோவில். வெளியே பழைய தூண், உள்ளே போனால் பொன் வேலைப்பாடு. மாமி தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, “சாமி மாறினாலும் இடத்தை மாத்தலை பாரு” என்றார்.

அங்கிருந்து கொஞ்சம் விலகினால் கிளாராவின் பேராலயம். ஊருக்குக் கீழே உள்ள சான் தமியானோ கோவிலில் பிரான்சிசிடம் பேசியதாகச் சொல்லப்படும் மரச்சிலுவை இங்கேதான் இருக்கிறது. கிளாராவின் கல்லறை நிலவறையில். எதிரே உள்ள திறந்தவெளியிலிருந்து, அசிசி இருக்கும் உம்ப்ரியா மாநிலத்தின் சமவெளி முழுக்கத் தெரியும், மாலை ஆறு மணிக்கு இங்கே ஒரு கல் திண்ணையைப் பிடித்துவிடுங்கள். ஊரின் இன்னொரு பக்கம் சாந்தா மரியா மஜோரே கோவிலில் கார்லோ அகுதிஸின் உடல் வைக்கப்பட்டிருக்கிறது. 2006-இல் பதினைந்து வயதில் ரத்தப் புற்றுநோயில் இறந்த பையன். ஜீன்ஸும் ஸ்போர்ட்ஸ் ஷூவும் போட்டபடி இருக்கிறான். 2025 செப்டம்பர் 7-இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். பார்த்துவிட்டு அம்மா வெகுநேரம் பேசவில்லை.

பிரான்சிஸ் பேராலயம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கோவில், அதற்கும் கீழே கல்லறை. அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்த மறுநாளே, 1228 ஜூலையில், அடிக்கல் நாட்டினார்கள். 1253-இல் அபிஷேகம். கீழ்க்கோவில் இருட்டு, தாழ்ந்த வளைவுகள், நீலமும் பொன்னுமாக ஓவியங்கள். மேல்கோவில் நேர் எதிர், வெளிச்சமும் உயரமும். அதன் சுவர்களில் பிரான்சிசின் வாழ்க்கை 28 படங்களாக ஓடுகிறது. ஜியோத்தோ வரைந்தவை என்று வழக்கமாகச் சொல்வார்கள், அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பறவைகளுக்குப் பிரசங்கம் செய்யும் படத்தைத் தேடி எல்லோரும் பீடத்தை நோக்கிப் போவார்கள். அது வாசலின் உட்புறச் சுவரில், நீங்கள் நுழைந்த இடத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது.

விதானத்தில் சில இடம் வெறும் பூச்சாகத் தெரியும். 1997 செப்டம்பர் 26 நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்த பகுதி அது. முதல் அதிர்வுக்குப் பிறகு சேதத்தைப் பார்க்க உள்ளே போன நான்கு பேர், இரண்டு துறவிகளும் இரண்டு பொறியியல் பணியாளர்களும், இடிபாட்டில் இறந்தார்கள். உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, ஒட்ட முடிந்ததை ஒட்டி 1999-இல் மறுபடி திறந்தார்கள்.

கல்லறை அறையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பிரான்சிசின் உடல் எங்கே இருக்கிறது என்பதே பல நூற்றாண்டு தெரியாமல் இருந்து, 1818-இல் தோண்டிக் கண்டுபிடித்தார்கள். இரும்புப் பட்டை போட்ட கல்பேழை, சுற்றிலும் அவருடைய நான்கு தோழர்களின் கல்லறைகள். ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதற்கான எண்ணெயை ஆண்டுக்கு ஒரு மாநிலம் என்று முறைவைத்து அக்டோபர் 4 அன்று கொண்டு வந்து கொடுக்கிறார்கள். “நந்தாவிளக்குக் கட்டளை” என்று மாமி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். உள்ளே படம் எடுக்கக் கூடாது, பேசவும் கூடாது. சத்தம் கூடினால் ஒலிபெருக்கியில் ‘சிலென்ட்ஸியோ’ என்று ஒரு குரல் வரும்.

பேராலயத்துக்குக் கீழே உள்ள சதுக்கத்திலும் சி பேருந்து நிற்கும். திரும்ப ஏறி நடக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஊருக்கு வெளியே

இரண்டாம் நாளை மலைக்கும் வயலுக்கும் ஒதுக்குங்கள். காலையில் டாக்சியில் எரேமோ தெல்லே கார்ச்செரி. ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர், சுபாசியோ மலைச்சரிவில், ஓக் காட்டுக்குள். பிரான்சிசும் தோழர்களும் தனிமையில் ஜெபிக்க ஒதுங்கிய குகைகள். அவர் படுத்த பாறையைப் பார்க்கக் குனிந்து, குறுகலான படியில் இறங்கி, தோளை ஒருக்களித்துப் போக வேண்டும். அம்மா வெளியிலேயே மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். அப்படி உட்கார்ந்தாலும் வந்த பலன் முழுக்கக் கிடைக்கும், அங்கே காற்றும் பறவையும் தவிர ஒன்றும் கேட்காது. நடக்க முடிந்தவர்கள் டாக்சியைத் திருப்பி அனுப்பிவிட்டு இறக்கத்தில் நடந்தே ஊருக்கு வரலாம்.

ஊரைவிட்டுக் கீழே ஆலிவ் தோப்புக்குள் சான் தமியானோ. பிரான்சிஸ் முதலில் பழுதுபார்த்த கோவில், கிளாரா வாழ்ந்து மறைந்த மடம். சூரியனை அண்ணன் என்றும் நிலவை அக்காள் என்றும் பாடிய பாட்டை 1225-இல் அவர் இயற்றியது இங்கேதான் என்பார்கள், அப்போது கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டது. போர்த்தா நுவோவா என்ற ஊர்வாசலிலிருந்து இறங்க இருபது நிமிடம் போதும். ஏறும்போது அது நாற்பதாகும், டாக்சி சொல்லிவையுங்கள். எனக்கு இந்த ஊரிலேயே பிடித்த இடம் இது. இதற்கும் நுழைவுக் கட்டணம் இல்லை.

கோவில் போதும், சும்மா நடக்க வேண்டும் என்றால் மேல்கோவில் முற்றத்தை ஒட்டியே பிரான்சிஸ் வனத்தின் வாசல் இருக்கிறது. காடும் ஆலிவ் தோட்டமும் ஓடையுமாக 64 ஹெக்டேர். மரபுச் சொத்துகளைக் காக்கும் ஒரு அறக்கட்டளை 2011-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது.

பிற்பகலில் ஸ்பெல்லோ போங்கள். அசிசியிலிருந்து ரயிலில் பத்து நிமிடம். ரோமானியர் காலத்து நுழைவாயில்கள், சன்னலுக்குச் சன்னல் பூந்தொட்டி, பிந்துரிக்கியோ 1501-இல் வரைந்த ஒரு சிற்றாலயம். ஈஸ்டருக்குப் பிறகு ஒன்பதாவது ஞாயிறு, நற்கருணைப் பெருவிழாவன்று, ஊர்க்காரர்கள் ராத்திரி முழுக்கக் கண்விழித்துத் தெருவெல்லாம் பூ இதழாலேயே ஓவியம் போடுவார்கள். காலையில் நற்கருணை ஊர்வலம் அதன்மேல் நடந்து போய்விடும். மார்கழிக் கோலம் போட்டவர்களுக்கு அதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்காது.

கார் எடுக்கலாமா? சிலுவையில் இயேசு பட்ட ஐந்து காயங்களைப் பிரான்சிஸ் தன் உடலில் பெற்றதாகச் சொல்லப்படும் லா வேர்னா மலைக்கோ, ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுவரை பருப்பு வயல்கள் பூக்கும் கஸ்தெல்லுச்சோ சமவெளிக்கோ போவதானால் கார் வேண்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். பழைய ஊர்களின் நடுப்பகுதிக்குள் வெளிக் கார் நுழையக் கூடாது. வாசலில் கேமரா இருக்கும், காவலர் இருக்கமாட்டார். முதல் பயணத்தில் நான் தெரியாமல் ஒரு வாசலைத் தாண்டினேன். நாலு மாதம் கழித்து அபராதமும், என் விவரத்தைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கு வாடகைக் கார் நிறுவனம் போட்ட கட்டணமும் தனித்தனியாக வந்தன. ‘ZTL’ என்று எழுதிய பலகை, வெள்ளை வட்டத்தில் சிவப்பு வளையம், கண்ணில் பட்டால் வண்டியை வெளியிலேயே நிறுத்துங்கள்.

சாப்பாடு

மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை, இரவு ஏழரைக்கு மேல். இடையில் சமையலறை மூடியிருக்கும். மாமிக்காக நான் மனப்பாடம் செய்த வாக்கியம்: ‘சென்ஸா கார்னே, சென்ஸா பெஷ்ஷே’, இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். உம்ப்ரியா பன்றி இறைச்சிக்குப் பேர்போன பகுதி. பருப்பு சூப்பிலும் துண்டு போட்டிருக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கஸ்தெல்லுச்சோவின் சின்னப் பருப்பு நம் நாக்குக்கு நன்றாகவே பிடிக்கும். ‘பெப்பரோனி’ என்றால் அங்கே குடைமிளகாய், பயப்பட வேண்டாம். மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ இலை, எண்ணெய் மட்டும்தான், பாலாடைக்கட்டிகூடக் கிடையாது. பர்மேசான் கட்டியில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேரும், கண்டிப்பான சைவர்கள் அதைத் தவிர்ப்பார்கள். ‘தோர்த்தா அல் தெஸ்தோ’ என்று தட்டையான ரொட்டி ஒன்று கல்லில் சுட்டுத் தருவார்கள். உள்ளே கீரை வைத்துக் கேளுங்கள். மாமி ஊறுகாய்ப் பாட்டிலைத் திறந்தது அதற்குத்தான்.

ரசீதில் ‘கொப்பெர்த்தோ’ என்று ஆளுக்கு ஒன்றரை, இரண்டு யூரோ இருக்கும். ஏமாற்று அல்ல, உட்கார்ந்ததற்கான கட்டணம். காப்பியை நின்றுகொண்டே குடித்தால் மலிவு. ‘காஃபே’ என்று கேட்டால் டிகாக்‌ஷனை மட்டும் ஒரு மடக்கு தருவார்கள். ‘லாத்தே’ என்று கேட்டால் வெறும் பால் வரும். நம் காப்பிக்குப் பக்கத்தில் வருவது கப்புச்சீனோ, அதிகச் சூடாக வேண்டும் என்றால் ‘பென் கால்தோ’ என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னும் நாள் இருந்தால்

அந்தோனியார் பக்தர்கள் பதுவைக்குப் போகாமல் வரமாட்டார்கள். வெனிசிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். 1231 ஜூன் 13-இல் இறந்த கோடி அற்புதரின் கல்லறையைத் தொட்டு ஜெபிக்கலாம். 1263-இல் கல்லறையைத் திறந்தபோது அழியாமல் இருந்ததாகச் சொல்லப்படும் நாக்கும் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. அம்மாவின் அழுத்தத்தில் கடைசி நேரத்தில் இரண்டு நாள் கூட்டினோம்.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு ஓர் ஊர் சொல்கிறேன், ஒர்த்தோனா. அப்ருட்ஸோ கடற்கரையில் இருக்கும் சின்னத் துறைமுகம். சாந்தோமில் அடக்கம் செய்யப்பட்ட, இயேசுவின் சீடர் தோமையாரின் எலும்புகள் கியோஸ் தீவுக்குப் போய், அங்கிருந்து 1258-இல் இந்த ஊருக்கு வந்தன என்பது மரபு. பேராலயத்தில் அவை இருக்கின்றன. ரோமிலிருந்து பெஸ்காராவுக்குப் பேருந்து, அங்கிருந்து குட்டி ரயில். அங்கிருந்து தெற்கே சங்ரோ ஆற்றுப் பக்கம் இரண்டாம் உலகப்போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. இத்தாலியில் இறந்து எரியூட்டப்பட்ட இந்தியப் படைவீரர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. அடுத்த முறைக்கு நான் எடுத்து வைத்திருக்கும் பயணம் அது.

கிளம்பும் நாள்

அசிசியைவிட்டுக் கிளம்பும் காலையில் ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்பே கீழே இறங்கிவிடுங்கள். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் சாந்தா மரியா தெல்லி ஆஞ்சலி பேராலயம். அத்தனை பெரிய கட்டடத்தின் நடுவில், வீட்டுக்குள் வீடு மாதிரி, ஒரு குட்டிக் கல்கோவில் நிற்கும். அதுதான் பொர்சியுங்கோலா. பிரான்சிஸ் தன் துறவற சபையை ஆரம்பித்த இடம். பக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்த அறை. பெட்டியோடு ஒருவர் வெளியே சதுக்கத்தில் நின்றுகொண்டு முறைவைத்து உள்ளே போய் வாருங்கள்.

மாமியும் நானும் முதலில் போய் வந்தோம். அம்மா உள்ளே போய் நாற்பது நிமிடம் ஆகியும் வரவில்லை. ரயிலுக்கு நேரமாயிற்றே என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, தலையில் முக்காட்டை எடுத்துவிட்டபடி மெதுவாக வெளியே வந்தார். ஓட்டமும் நடையுமாக நிலையம் போய்ச் சேர்ந்தால் பலகையில் ரித்தார்தோ பதினைந்து நிமிடம். மூன்று கப்புச்சீனோ சொன்னோம், பென் கால்தோ.